ஆயுத பூஜையன்று நான் ஏற்றிய விண்டோஸ்

தேதி முடிந்தால் கம்ப்யூட்டர் செத்துவிடும் என்று நம்பினேன். மாத்திரை அட்டையில் போட்டிருக்கும் தேதி மாதிரி. வயது நாற்பத்தொன்பது, ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் பதினாறு வருடம், அதுவும் தரப் பிரிவில். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் நடுவில் விண்டோஸ் பத்துக்கு ஆதரவு முடிகிறது என்று திரையில் ஓர் அறிவிப்பு வர ஆரம்பித்திருந்தது. இனிமேல் புதிதாக எதையும் செய்து தர மாட்டார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். நான் அதை எமன் அனுப்பிய மெமோ என்று எடுத்துக்கொண்டேன்.

எங்களுடையது கார்களுக்கான பிரேக் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. கடைந்த பாகம் சரியான அளவில் இருக்கிறதா என்று ஊசிமுனையால் தொட்டுப் பார்க்கும் மிஷின் ஒன்று ஏசி அறையில் உண்டு. அது கொடுக்கும் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு பெட்டிகூட கேட்டைத் தாண்டாது. அதை ஓட்டும் கம்ப்யூட்டர் மகா கிழம். புது விண்டோஸ் பதினொன்றை ஏற்றலாமா என்று சோதித்தபோது, இந்தக் கணினி தகுதியற்றது என்று சொல்லிவிட்டது. எனக்குப் பெண் பார்த்த வீடுகளில்கூட இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை.

மிஷினை ஓட்டியவள் தென்காசிப் பக்கத்துப் பெண். முப்பதைத் தாண்டியவள், காண்ட்ராக்ட் ஆள். பென்னலூரில் ஒற்றை அறை எடுத்து, மகளோடு இருந்தாள்.

"பதினஞ்சாந் தேதி காலைல இது எய்ந்திருக்காதும்மா. அதுக்குள்ள புதுச ஏத்திடணும்" என்றேன்.

"ஓடுத சாமான எதுக்குண்ணே தொடுதீய?"

"ஓடாதுன்றேன். நீ இன்னா ஓடுதுன்னுகினு கீற?"

அவள் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "மிஷின் நின்னா என்னயக் காண்ட்ராக்ட்காரர்ட்டத் திருப்பி அனுப்பிருவாவ. அவரு எங்க போடுவாரோ, எந்த ஷிப்டோ. இந்த வருசந்தான் பிள்ளைய ஊருலேர்ந்து கூட்டியாந்து இங்க ஸ்கூல்ல சேத்துருக்கேன்."

அன்றிலிருந்து தினமும், "இன்னும் எத்தன நாளுண்ணே?" என்று கேட்பாள். நான் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நாள் சொல்வேன்.

தகுதிச் சோதனையை ஏமாற்றி ஏற்ற வழி இருந்தது. நாலைந்து வீடியோ பார்த்துப் பென் டிரைவ் தயாரித்தேன். இரண்டு ஷிப்டும் ஓடும் மிஷினுக்கு ஓய்வு ஆயுத பூஜையன்றுதான். முதலாளி தேங்காய் உடைத்து, பொரி கொடுத்து, கிளம்பிப் போனார். மானிட்டரில் சந்தனமும் குங்குமமும் ஈரமாக இருந்தன.

"பூச போட்டத இன்னிக்குத் தொடப்பிடாதுண்ணே."

"மிஷினத்தான் தொடக்கூடாது. கம்ப்யூட்டர் வேற டிபார்ட்மென்ட்" என்றேன்.

அவள் எழுதிவைத்த அளவு புரோகிராம்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்தேன். பதினொன்று ஏறியது. நீல வெளிச்சத்தில் புதுத் திரை வந்தபோது, மணிமங்கலத்திலிருக்கும் என் மனைவிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "சரி, சாப்புட வா" என்று பதில் வந்தது.

மிஷினை இணைத்தேன். கம்ப்யூட்டருக்கு அது யாரென்றே தெரியவில்லை. இரண்டையும் பேசவைக்கும் கார்டு பழசு. புது விண்டோஸில் அது வேலை செய்யாது. பதினோரு தடவை அணைத்துப் போட்டேன். கார்டைக் கழற்றி ஊதினேன். பிறகு, துடைக்கத் துணியில்லாமல், என் சட்டையாலேயே துடைத்தேன். அவள் நாற்காலியில் பொரிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடுமுறை. யாருக்கும் சொல்லாமல் வந்து பழைய பத்தையே திரும்ப ஏற்றினேன். கார்டு உயிர்பெற்றது. மிஷினும் அசைந்தது. ஆனால் சரியாக இருக்கும் பாகத்தையெல்லாம் தப்பு என்றது. சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் செய்தேன்.

"சி டிரைவ்ல அந்த மிஷினோட திருத்த ஃபைல் ஒண்ணு இருந்திருக்குமே சார். எடுத்து வெச்சீங்களா?"

"எந்த ஃபைல்?"

"அப்ப எடுக்கல."

ஒவ்வொரு மிஷினின் கோணல்களையும் அளந்து, பொருத்தும்போதே எழுதிவைத்த ஃபைல் அது. அது இல்லாமல் மிஷின் சரியாக அளக்காது. செய்த கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டு வெகுநாளாகிறது. அவர்களிடமும் பிரதி இல்லை.

வேலை தொடங்கியதும் இரண்டு நாள் முதலாளியிடம் பொய் சொன்னேன்.

"இன்னாப்பா, ரிப்போர்ட் வரல?"

"அப்டேட் ஆய்க்கினு கீது சார்."

"இன்னாத்த அப்டேட்டு, ரெண்டு நாளா?"

"பெருசு சார்."

மூன்றாம் நாள் அவர் ஏசி அறைக்கே வந்துவிட்டார். என்னை விட்டுவிட்டு, அவளைத்தான் கேட்டார். "நீ இன்னாம்மா பண்ண?"

அவள் தரையைப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் உடனே வாயைத் திறந்தேன் என்று எழுதத்தான் ஆசை. முதலாளி அவளிடம் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான், "நான்தான் சார்" என்றேன்.

முதலாளி பெரிதாகக் கத்தவில்லை. "பதினாறு வர்சம் இருந்துட்ட, உன்ன இன்னா பண்றது?" என்றார். பாகங்களை அளக்க வெளி லேப் ஒன்றுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அறையின் ஏசியை அணைக்கச் சொன்னார்.

பதினைந்தாம் தேதி வந்தது. ஆபீசில் பில் போடும் பழைய கம்ப்யூட்டர், கேட்டில் செக்யூரிட்டி பார்க்கும் கம்ப்யூட்டர், எல்லாம் பத்திலேயே காலையில் எழுந்து வேலை செய்தன. அவளும் அதைப் பார்த்தாள்.

"சரியாத்தானண்ணே ஓடுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அவளுடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். காண்ட்ராக்ட்காரர் அவளைப் பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் போட்டார், நிரந்தர நைட் ஷிப்ட். இரவில் பிள்ளையை அறையில் தனியாக விட முடியாது. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே பள்ளியில் மாற்றுச் சான்றிதழை வாங்கி, மகளைத் தென்காசியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.