தண்ணித் தொட்டிக் குரல்

லைசன்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே வானலையில் பேசிக்கொள்ளும் எங்கள் பக்கத்து ஹாம் ரேடியோக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே அலைவரிசையில் கூடுவோம். அந்தக் கூட்டத்துக்கு நெட் என்று பெயர். ஒருவர் முறைவைத்துக் கூப்பிடுவார், மற்றவர்கள் பேசுவோம். கூப்பிடுகிறவர் ஆலங்காயத்தில் எலக்ட்ரிகல் கடைக்காரர். அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. நான் ஜமுனாமரத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். லைசன்ஸ் எடுத்து, செட் வாங்கி, முதன்முதலில் பேசி முடித்ததும் அவர் சொன்னார்:

"இன்னா டீச்சர், தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்து பேசுறீங்களா? ஒண்ணும் புரியலிங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ரேடியோவில் சிரிக்க வேண்டுமென்றால்கூட மைக் பொத்தானை அழுத்தியாக வேண்டும். தெரியாமல் வந்துவிட்ட சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

அடுத்த வாரமும் அதே கதை. மைக்கைத் தள்ளிப் பிடித்தேன், மெதுவாகப் பேசினேன். கரகரப்பு போகவில்லை. அதற்கடுத்த வாரம் அவர், "மலைக்காரங்க கேட்டுனு இருந்தா போதும்ங்க. பேசறத நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

என் கணவர் அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த மலையிலேயே பிறந்து, சாமை விதைத்து வளர்ந்தவர். எழுந்து வெளியே போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அந்த ஆளை அதே அலைவரிசையில், அதே ஆட்கள் காது கேட்க, வாயடைக்க வைக்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

முதலில் செட்டைச் சந்தேகப்பட்டேன். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடு மாட்டினேன். செட் அனுப்பும் சக்தியை வெளியே விடாமல் தானே வாங்கிக்கொள்ளும் பெட்டி அது; பக்கத்து அறைவரை மட்டும் கொஞ்சம் கசியும். கணவர் சமையலறையில் சின்ன ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார். நான் பேசினேன்.

"சுத்தமா கீது" என்றார்.

ஆன்டெனாவைத் திரும்ப மாட்டிப் பேசினேன்.

"இப்ப தொட்டி."

பவரைக் குறைத்தால் தெளிந்தது, கூட்டினால் கெட்டது. செட்டிலும் மைக்கிலும் குறை இல்லை. யோசித்துக்கொண்டே மைக்கை வாயருகே கொண்டுபோனபோது அதன் இரும்பு வலை உதட்டில் சுருக்கென்று கடித்தது. அதற்கு முன்பும் கடித்திருக்கிறது, கரண்ட் கசிவென்று விட்டிருந்தேன். வானத்துக்குப் போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கு கேபிளின் மேலுறை வழியாகத் திரும்பி, வீட்டுக்குள் இறங்கி, மைக் ஒயருக்குள் புகுந்துகொண்டிருந்தது. என் குரலை அதுதான் கெடுத்தது.

அது திரும்பாமல் இருக்க, ஆன்டெனாவும் கேபிளும் சேரும் இடத்தில் பேலன் என்று ஒரு சின்ன டப்பா போடுவார்கள். புளியமரத்தில் கட்டியிருந்ததை இறக்கிப் பார்த்தேன். இல்லை. ஆன்டெனா கட்டிக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, ஆலங்காயத்துக்காரர்தான். "உங்க செட்டுக்கு அதெல்லாம் வேணாங்க" என்று அன்றைக்குச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது.

அந்த இடத்தில் பேலனுக்குப் பதிலாகக் கேபிளையே பிளாஸ்டிக் குழாய்மேல் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினேன். கணவர் மறுபடி கேட்டுவிட்டுத் தலையாட்டினார். மைக்கும் கடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தது. பேசினேன்.

"டீச்சரா இது? செட்டு மாத்திட்டீங்களா?" என்றார் அவர்.

"இல்ல சார், அதே செட்டுதான். நீங்க கட்டின ஆன்டெனாவுல பேலன் இல்ல. வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க. அதான் இத்தன நாளா தொட்டி" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன்.

யாரும் பொத்தானை அழுத்தவில்லை. வெறும் இரைச்சல். அந்த இரைச்சலை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

சில நாள் கழித்து அவரே பஸ் ஏறி மலைக்கு வந்தார். கையில் புது பேலன். மரத்தடியில் நின்று என் சுற்றலை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லாதான் சுத்திருக்கீங்க. இதையும் மாட்டிட்டுப் போறேன். நான் வந்து சரி பண்ணேன்னு நெட்டுல ஒரு வார்த்த சொல்லிடுங்க டீச்சர்."

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி, மலைக்காரங்கன்னு பேசினதுக்கு இவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "வுடும்மா, டீ வை" என்றார் என் கணவர். கடைக்காரர் டீ குடித்தார். பேலனைத் திண்டில் வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே பஸ் ஏறிப் போனார்.

அந்த ஞாயிறு என் முறை வந்ததும், "ஆலங்காயத்து சார் வூட்டுக்கு வந்தாரு. டீ குடிச்சாரு. சரி பண்ணது நான்" என்று சொல்லி முடித்தேன்.

இப்போதெல்லாம் என்னைக் கடைசியாகத்தான் கூப்பிடுகிறார். செட்டை அணைக்காமல் காத்திருக்கிறேன்.