வீங்கிய நீலக் கேன்

சித்திரை வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையின் துணிகளைக் காயப்போட வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த சந்துக்குப் போனேன். எங்கள் வீட்டுச் சுவரோரம் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருந்த நீல நிற பிளாஸ்டிக் கேன் ஒரு மாதிரி இருந்தது. முந்தின நாள் சப்பையாக இருந்த பக்கங்கள் வெளியே தள்ளியிருந்தன. அடிப்பாகமும் உருண்டையாகப் புடைத்து, கேன் சாய்ந்து நின்றது. புறங்கையை அருகே கொண்டுபோனேன். தொடாமலே சூடு தெரிந்தது. அந்த இடத்தில் வெயில் விழுவதே இல்லை.

நான் வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறேன். அதனால் கேனில் என்ன இருக்கிறது என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். கம்பெனிகளில் கறைபட்ட வெள்ளைப் பனியன்களை வாங்கி வந்து, வீட்டில் வைத்தே கறை எடுத்துக் கொடுப்பார். அதற்காக வைத்திருந்த பெராக்சைடு அது. பட்டறையில் துணி வெளுக்க நாங்கள் தினமும் ஊற்றுவதும் அதுதான்.

பெராக்சைடைத் தண்ணீரோடு ஆக்சிஜன் ஒன்று கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் என்று சொல்லலாம். அந்த ஆக்சிஜனை உதறிவிட்டு வெறும் தண்ணீராக மாறத்தான் அது எப்போதும் பார்க்கும். உதறும்போது சூடும் வெளியே வரும். சுத்தமாக இருக்கும்வரை இதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக நடக்கும். துருத்தூள் கொஞ்சம் உள்ளே விழுந்துவிட்டால் கதை வேறு. துரு ஒரு வினையூக்கி. தான் தீர்ந்துபோகாமல், நடக்கிற வேலையை மட்டும் விரட்டிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற வேகம் கூடும், வேகம் கூடக் கூட இன்னும் சூடு ஏறும்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி கைக்குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஓடி அவளை எழுப்பினேன். “குழந்தையத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போ.”

“ஏனுங்க, என்னாச்சுங்க?”

“போ, அப்புறம் சொல்றேன்.”

என் முகத்தைப் பார்த்தவள் குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். அடுப்பில் நான் வைத்த பால் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்து, சிலிண்டரையும் மூடினேன். பெராக்சைடு தானாக எரியாது. ஆனால் அது விடுகிற ஆக்சிஜன் பக்கத்தில் இருக்கிற சின்ன நெருப்பைக்கூடப் பெரிதாக்கிவிடும். அந்தச் சந்து முழுக்கப் பனியன் மூட்டைகள்.

பக்கத்து வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணா, கேனுக்குள்ள வேற ஏதாவது ஊத்துனீங்களா?”

“இல்லண்ணே. பழைய கேன் ஒழுகிச்சு. நேத்து சாயங்காலம் தகரப் புனல் வச்சு இதுல மாத்துனேன். புனல் லேசாத் துருப்பிடிச்சிருந்துச்சு, கழுவிட்டுத்தான் வச்சேன்.”

“மூடி?”

“யாரும் தட்டி விட்டா சிந்திரக் கூடாதுல்லா. வேற மூடி போட்டு நல்லா முறுக்கிட்டேன்.”

பெராக்சைடு கேனின் சொந்த மூடியில் காற்று வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கும். இவர் போட்ட மூடியில் அது இல்லை. உள்ளே உண்டான ஆக்சிஜனுக்கு வெளியேற வழியில்லை.

எல்லாரும் ரோட்டுக்கு வந்தோம். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். வருவதாகச் சொன்னார்கள். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஏனுங்க தம்பி, அது வெடிக்குமுங்களா?”

“தெரியலீங்கம்மா. வெடிக்கலாமுங்க.”

லேபில் நான் கையாள்வதெல்லாம் பீக்கருக்குள் அடங்கும் அளவுதான். ஒன்றுமில்லாததற்கு வீதியையே கிளப்பிவிட்டேனோ என்றும் தோன்றியது. எட்டி நின்று தண்ணீர் ஊற்றினால் சூடு குறையும், கரைசலும் நீர்க்கும். எப்படி ஊற்றுவது என்று யோசித்தபோது அந்த அம்மாவே வழி சொன்னார். “மாடியில செடிக்கு ஊத்தற ஹோஸ் இருக்குதுங்க. டேங்குல தண்ணி நெறையா இருக்குது.”

படி முன்பக்கம் இருந்தது. மேலே ஓடி, குழாயைத் திறந்து, ஹோஸின் முனையைக் கைப்பிடிச் சுவர் வழியாகச் சந்துக்குள் தொங்கவிட்டேன். கேன் மேல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்காமல் பின்னால் நகர்ந்தேன். அப்போது சந்துக்குள் யாரோ எதையோ இழுக்கும் சத்தம்.

“யாருங்க அது? வெளிய வாங்க.”

“கம்பெனிச் சரக்குண்ணே. ரெண்டு மூட்ட கேன ஒட்டிக் கெடக்கு.” பக்கத்து வீட்டுக்காரரின் குரல்.

“சரக்கு கெடக்கட்டுங்கண்ணா. வெளிய போங்க.”

மூட்டை தரையில் உரசிக்கொண்டு போவது மட்டும் கேட்டது. படியில் பாதி இறங்கியிருப்பேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். கால் அப்படியே நின்றுவிட்டது. மூடி மாடிச் சுவரைத் தாண்டிப் போய் எங்கோ விழுந்தது. சந்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

கீழே போய்ப் பார்த்தபோது அவர் மூட்டையோடு சந்தின் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கேன் நுரைத்து வழிந்தது. மேலேயிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் மேல் ஏதும் தெறிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு கைகளை நீட்டிக் காட்டினார். கேனிலிருந்து கசிந்தது மூட்டையை நனைத்திருக்கிறது. விரல்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தன.

“ஊசி குத்துத மாதிரி இருக்குண்ணே. இது இப்படியே நின்னுருமா?”

முன்வாசல் குழாயில் அவர் கைகளைப் பிடித்துக் கழுவினேன். “மாறிடுமுங்கண்ணா” என்றேன். என் விரலில் ஒருமுறை ஒரு சொட்டு பட்டு, வெளுத்து, பிறகு சரியாகியிருக்கிறது. இரண்டு கைகளும் வெளுத்து நான் பார்த்ததில்லை. ரோட்டின் எதிர்ப்புறம் குழந்தையோடு நின்ற என் மனைவி, வரலாமா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

தீயணைப்பு வீரர்கள் வந்து கேன் குளிரும்வரை தண்ணீர் அடித்தார்கள். நான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மருந்து தடவிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். வெளியே பெஞ்சில் இருவரும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நகத்தடியில் முதலில் லேசாகச் சிவப்பு வந்தது. அவர் அதை என்னிடம் காட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சில வாரங்களில் அவர் ஒரு தனி ஷெட் பிடித்து வேலையை அங்கே மாற்றிக்கொண்டார். இப்போது அந்தச் சந்தில் எங்கள் கொடிக்கயிறு மட்டும்தான் இருக்கிறது. கேன் வீங்கிய அன்று மாலையே கட்டிலைச் சந்துச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டோம். அங்கே காற்று வராது. புழுக்கத்தில் குழந்தை சிணுங்கும். ஆனாலும் கட்டிலைப் பழைய இடத்துக்கு மாற்றலாம் என்று என் மனைவியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.