எண்ணெய்க்குக் கேட்காத வலியும் மும்தாஜ் அம்மாவும்

குற்றாலம் ஐந்தருவியில் ஒருவருக்கு முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மும்தாஜ் அம்மா காலமாகிவிட்டார்களாம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மாத்திரை வாங்குகிற எங்களுக்கு ஆலோசனை சொன்னவர்கள் அவர்கள். முதல் தடவை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போனேன். "துண்ட எடுங்க அண்ணாச்சி, முகத்தப் பாக்காம நான் யார்ட்ட பேசுதது?" என்றார்கள்.

மாத்திரையில் கிருமி அடங்கியது. இனி என்ன என்று மறுபடி பீடியைப் பிடித்தேன். அம்மா விடவில்லை. கிருமி அடங்கினாலும் அது ரத்தக் குழாயை உள்ளுக்குள் கெடுத்துக்கொண்டே இருக்குமாம். எங்களுக்கு மாரடைப்பு சீக்கிரமே வரக்கூடுமாம். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க விரட்டுவார்கள். "கருவாட்டக்கூட ஒளிச்சிரலாம், பீடிய எங்கன ஒளிப்பிய?" என்று சிரிப்பார்கள்.

ஒரு சீசனில், கூட்டத்தைப் பார்த்து, மாத்திரை வாங்க நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். அன்று நெஞ்சை அடைத்து இடது கை கனத்தது. தேய்ப்புக்காரனுக்கு எந்த வலியும் பிடிப்புதான். கூட்டாளி செல்லையாவை நெஞ்சில் சூடாக எண்ணெய் தேய்க்கச் சொல்லிப் படுத்தேன். வியர்த்துக் கொட்டியது. எண்ணெய் வேலை செய்கிறது என்று இருவருக்கும் சந்தோஷம்.

ஏன் வரவில்லை என்று கேட்க அம்மா போன் செய்தார்கள். எடுத்த செல்லையா விவரம் சொன்னான். "தேய்க்குத கைய எடு. இது பிடிப்பு இல்ல, மாரடைப்பு. ஆட்டோவுல ஏத்து" என்றார்கள். தான் யார் என்று அவனிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்றார்கள். நோய் வெளியே தெரிந்தால் என் கைக்கு ஒருவரும் முதுகு காட்ட மாட்டார்கள். ஆனால் இதயத்துக்குத் தருகிற சில மருந்து எங்கள் மாத்திரையோடு சேராதாம். டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். செல்லையாவை டீ வாங்க அனுப்பினார்கள். "டாக்டர்ட்ட மட்டும் சொல்லுதேன், சரியா?" என்று என் காதில் கேட்டு, நான் தலையசைத்த பிறகுதான் சொன்னார்கள். பிழைத்தேன். பீடி அன்றோடு போயிற்று.

ஜனாஸா ஊர்வலத்துக்குச் செல்லையாவும் வந்தான். கூட்டத்தில் அம்மாவின் மகன், "பெரியவரே, உம்மாவ எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எத்தனையோ பொய் கைவசம் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு தம்பி. உங்க உம்மாதான் இத்தன நாளும் உசுரோட வச்சிருந்தாக."

செல்லையா என்னையே பார்த்தான். அம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள். "நடலே, முன்னால போறாங்க பாரு" என்று என் கையைப் பிடித்து இழுத்தான். மகன் விலகி இடம் விட்டார். தோள் கொடுத்தேன்.

போய் வாருங்கள் அம்மா. நீங்கள் கனக்கவே இல்லை.