ஒரு வளைவு பாக்கி

நேற்று சாயங்காலம் தஞ்சாவூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். என் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "ம்மா, இங்க பாரேன், நானே ரோலர் கோஸ்டர் கட்டிட்டேன்!" வீடு கட்டி, ஆட்களைக் குடிவைத்து, அவர்களுக்குச் சோறு போட்டுத் தூங்கவைக்கிற விளையாட்டு அது. "கை பூரா செதிலு, போய்ப் படிடி" என்று விரட்டிவிட்டேன். பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

மீன் வாசனை என்றாலே எனக்கு நாகூர். நாகூர் என்றால் வாப்பா. ஆனால் வாப்பாமேல் மீன் வாசனை அடித்ததே இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மனிதர்மேல் ஊர் வாசனை எப்படி ஒட்டும்? அவர் வாசனை பெட்டி வாசனை. சோப்பு, தைலம், புது பிளாஸ்டிக் எல்லாம் கலந்து ஒன்று. பெட்டியைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பேன். "என்ன புள்ள, பூன மாரி" என்பார். துபாயில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. இப்படிப் பிழைக்கப் போவதை எங்கள் பக்கம் 'சபர் போறது' என்பார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சபரில்தான் இருந்தார்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அந்தப் பெட்டிக்குள் ஒரு பழைய மடிக்கணினி வந்தது. அங்கே யாரோ எஞ்சினியர் வீட்டுப் பிள்ளை விளையாடித் தள்ளிவிட்டது. இதே விளையாட்டும் உள்ளேயே இருந்தது. நான் முதல் வேலையாக எங்கள் வீட்டைக் கட்டி, வாப்பா, உம்மா, எனக்கு மூத்தவளான லாத்தா, நான் என்று நாலு பேரையும் குடிவைத்தேன். வாப்பாவுக்கு மட்டும் தலைமுடி கொஞ்சம் தாராளமாக வைத்தேன். பார்த்துவிட்டு அவருக்கு ஒரே பெருமை. "கொல்லையில எடம் சும்மா கெடக்கே, என்ன வெக்கலாம்?" என்றார். ரோலர் கோஸ்டர் என்றேன். "பெரிய மனாரா ஒசரம் வேணும்" என்றேன். தர்காவின் மனாரா கோபுரத்தை விட்டால் எனக்கு உயரம் தெரியாது.

விளையாட்டில் தண்டவாளம் அந்தரத்திலேயே நிற்கும். வாப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. "தூணு இல்லாம எப்புடிப் புள்ள நிக்கும்?" என்று நாலடிக்கு ஒரு தூண் வைத்தார், குறுக்குக் கம்பி கட்டினார். "பொம்மைங்கதானே வாப்பா" என்றால், "பொம்மன்னா என்ன, ஏறப்போறது நம்ம புள்ளைங்கதானே" என்பார். ஒரு வளைவு நிமிரவே அவருக்கு ஒரு பொழுது போய்விடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சட்டையை மோந்துகொண்டிருப்பேன்.

ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். "இத ஓட்டிப் பாத்துட்டுத்தான் நா சபர் போவேன்." நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கோஸ்டரின் இரண்டு முனையும் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். சேராமல் பார்த்துக்கொண்டால் போதாதா? அவர் அசர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகிற நேரம் பார்த்துத் தினம் ஒரு வளைவைக் கழற்றிப்போட்டேன். என்ன மூளை பாருங்கள்!

"இங்கன ஒரு வளைவு இருந்துச்சே?"

"காத்துல போயிருக்கும் வாப்பா."

விழுந்து விழுந்து சிரித்தார். மறுபடி உட்கார்ந்து வைத்தார். அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

லீவு முடிந்தது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு டாக்ஸியில் போனோம். வழியில் ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். டிரைவர் வண்டியை உருட்டினார். இப்படியே உருட்டிக்கொண்டே போகட்டும் என்று துஆ கேட்டேன். அல்லாஹ் கேட்கவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் ஃபோனில் முகம் காட்டுவார். "ஓடுச்சா புள்ள? ஒரேயொரு தடவ ஓட்டிக் காட்டேன், நா பாத்துக்குறேன்." ஒரு வளைவுதான் பாக்கி, வைத்தால் வண்டி கிளம்பிவிடும். நான் வைக்கவில்லை. "வந்து பாருங்க" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். காட்டிவிட்டால் அப்புறம் எதைச் சொல்லி வரவழைப்பது? மூன்று வெள்ளிக்கிழமை கேட்டார். மூன்று தடவையும் அதே பதில்.

நாலாவது வெள்ளிக்கு முன்னால் சேதி வந்துவிட்டது. ரூமில் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். அங்கேயே அடக்கிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த வளைவை வைத்தேன். வண்டி கிளம்பிற்று. வாப்பா முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டே போனார். தூண் ஒன்றும் ஆடவில்லை. ஒருதடவை காட்டியிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? பாவி நான், அவ்வளவு ஆசையாகக் கேட்டாரே. இன்றைக்கும் நெஞ்சு ஆறவில்லை.

அந்த விளையாட்டில் பெரியவர்களை வேலைக்குக் கூப்பிட்டு அடிக்கடி அழைப்பு வரும். வாப்பாவுக்கு வந்ததையெல்லாம் வேண்டாம் என்று தள்ளினேன். அவர் பாட்டுக்கு உம்மா பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தார். நாலு வருஷம் அப்படி ஓடிற்று. அப்புறம் ஒரு புயலில் வீட்டு ஓடு பறந்து அலமாரி முழுக்கத் தண்ணீர். கணினியைக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் தேறாதும்மா, தூக்கிப் போட்ருங்க" என்றார்.

அந்தக் கணினியை ஒருநாளும் தொட்டிராத உம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரிடம் சொன்னார்: "நல்லாப் பாருங்க தம்பி. அதுல எங்க வீட்டு ஆளு இருந்தாங்க."