பத்து மணிக்குப் பூரணி வீட்டில் இல்லை

“கோதாரி விழுந்த பக்கம் இண்டைக்கும் முழுசாத் திறக்கயில்லை.”

மத்தியானம் வீட்டுப் படலையைத் திறக்கும்போது பூரணி சொல்லும் முதல் பேச்சு இதுதான். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்களில் இதைச் சொல்லாமல் அவள் உள்ளே போனது அருமை. கேட்பதற்குப் பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம் மட்டும்தான். அவள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “திறந்தா மட்டும் என்ன, உள்ளுக்கையிருந்து உன்ரை மனுசன் இறங்கி வரப்போறாரே பிள்ளை?” என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவாள்.

பூரணி துறைமுகப் பட்டினத்து ஓர்ஸ் ஹில்லில் தையல் தைப்பவள். பிள்ளைகள் இல்லை. புருசன் அருளம்பலம் அந்த ஆடி மாதக் கடைசியில் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில் இருந்த தகப்பனின் வயலை அறுவடை செய்யப் போனான். நாலு நாளில் வருவதாகச் சொல்லித்தான் லோஞ்ச் படகில் ஏறினான். வழிச் சாப்பாட்டுப் பார்சலை, தைத்து மிஞ்சிய நீலக் கட்டத் துணியில் ஒரு கீலம் கிழித்து, ஓரம் அடித்து, பூரணிதான் கட்டிக் கொடுத்தாள். நாலாம் நாள் அந்தப் பக்கத்தில் சண்டை தொடங்கியது. லோஞ்ச் நின்றது. போனும் இல்லை. அங்கிருந்த சனம் கடற்கரை வழியாக வாகரைப் பக்கம் நடந்து போகிறதென்று மட்டும் கதை வந்தது.

முகாம்களில் இருக்கிறவர்களின் பெயரை இன்ரநெற்றில் போடுகிறார்களாம் என்று யாரோ சொன்னார்கள். தபால் கந்தோருக்குப் பின் ஒழுங்கையில் ஸுஹைர், தன் வீட்டு முன்னறையில் நாலு கொம்பியூட்டர் வைத்து நெற் கடை நடத்தினான். பூரணி போனாள். அதுவரை அந்தப் பெட்டியைத் தொட்டும் பார்த்திராதவள். ஸுஹைர் பக்கத்தைத் திறந்து, பட்டியலைக் காட்டி, மெல்ல இறக்கினான். அருளம்பலத்தின் பெயர் இல்லை.

“நாளைக்கும் போடுவாங்க அக்கா. நாளைக்கு வந்து பாருங்களேன்.”

அந்த நாளைக்குத்தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

பட்டியலைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் பட்டியலுக்குக் கீழே சனம் எழுதியிருந்தது. கனடாவில் இருந்த ஒருத்தனும் நோர்வேயில் இருந்த ஒருத்தனும் அங்கே விடாமல் சண்டை பிடித்தார்கள். யார் யாருக்கு என்ன பதில் போட்டான் என்று பார்க்காமல் பூரணிக்கு எழும்ப ஏலாது. அதற்குப் பக்கத்தில் கண்டறியாத ஆட்களின் கலியாணப் படங்கள். அதை விட்டால் ராசிபலன். அருளம்பலத்தின் ராசிக்கு ஒரு பக்கத்தில் கூடாத பலன் போட்டிருந்தால், நல்ல பலன் போட்ட பக்கம் வரும்வரை தேடுவாள். காலையில்தான் லைன் கொஞ்சம் ஓடும், பன்னிரண்டுக்கு ஸுஹைர் கடையைப் பூட்டிவிடுவான். அதனால் ஒன்பதரைக்குப் போகிறவள் பன்னிரண்டேகாலுக்குத்தான் வீடு திரும்புவாள்.

வீட்டில் வேலை குவிந்தது. தை மாதத்துக்குக் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூடச் சட்டைகள் வெட்டியபடி கதிரையில் கிடந்தன. தைத்துக் கொடுத்த ஒன்றைத் தாய் ஒருத்தி திருப்பிக் கொண்டுவந்து விரித்துக் காட்டி, “என்ரை பிள்ளைக்கு ரெண்டும் இடது கையெண்டு ஆர் உனக்குச் சொன்னது?” என்று கேட்டாள். சோறு அடிப்பிடித்தது. கறிக்கு உப்புப் போட்டதா இல்லையா என்று நினைவில்லாமல் இரண்டு முறை போட்டாள். ஊசியில் நூல் கோர்க்கும்போதும் மனம் அந்தக் கனடாக்காரனிடம் நின்றது.

அந்த ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருகிறவன் சல்லியென்ற கடற்கரை ஊர்த் தம்பிராசா. சைக்கிளில் பெட்டி கட்டி, ரப்பர் ஹோர்னை அமத்திக்கொண்டு, மணிக்கூடு பார்த்தது போலப் பத்து மணிக்கு வருவான். ஆள் இல்லாத வீடென்றால் மீனைக் கோர்த்துப் படலைத் தூணில் இருக்கும் ஆணியில் தொங்கவிட்டுப் போவான். அவன் வழக்கம் அது. பூரணிக்குக் கொஞ்ச நாளாக ஆணி மீன்தான்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை பாக்கியரத்தினம் வேலிக்கு வந்தாள்.

“அந்த மீன்காரன் உன்னைத்தான் காணவேணுமாம்.”

“எனக்கும் அவருக்கும் என்ன கதை? மீனைக் கொழுவிப்போட்டுப் போகட்டுமன்.”

செவ்வாய்க்கிழமை தம்பிராசா ஹோர்னை அமத்தாமல் படலையில் அரை மணித்தியாலம் நின்றான். மீன் வெயிலில் கிடந்தது. பாக்கியரத்தினம் போய், “என்னட்டைச் சொல்லுமன், நான் சொல்லிவிடுறன்” என்றாள்.

“இல்லை அக்கா, உங்களுக்குச் சொல்ல ஏலாது. அவவின்ரை காதுக்கு மட்டும்.”

இதையும் பாக்கியரத்தினம் ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தாள். “உன்னைக் கண்டு பிடிக்கிறதுக்கு அவரும் அந்தப் பெட்டிக்குள்ளை பெயர் எழுதவேணும் போல” என்று சேர்த்தும் விட்டாள்.

“சரியக்கா, நாளைக்கு நிக்கிறன்” என்றாள் பூரணி.

புதன்கிழமை உண்மையாகவே நின்றாள். சட்டைத் துணியை விரித்து, சோக்கட்டியால் கோடு போட்டாள். ஒன்பதேமுக்கால் ஆனது. வாகரைப் பக்கத்துப் புதுப் பட்டியல் புதன்கிழமை பத்து மணிக்கு வரும் என்று ஸுஹைர் முதல் நாள் சொல்லியிருந்தான். ஒருக்கால் பார்த்துவிட்டு ஓடி வரலாம், தம்பிராசா பத்துப் பதினைந்துக்கும் நிற்பான்தானே என்று நினைத்தாள். கத்தரிக்கோலைத் துணிக்கு மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பட்டியல் ஊர் ஊராக மெல்ல இறங்கியது. கட்டைபறிச்சான் என்ற தலைப்பு வந்ததும் பட்டியல் பாதியில் நின்றது. காத்திருக்கிற நேரத்துக்கு மற்றச் சண்டையைத் திறந்தாள். நோர்வேக்காரன் பதில் போட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டேகால். ஆணியில் மீன் இல்லை. வாய் கட்டிய ஒரு சின்னச் சாக்குப் பை தொங்கியது. கருவாடாக்கும் என்று கட்டைப் பாராமலே எடுத்துப்போய்க் குசினியில் பிஸ்கற் தகரத்துக்குள் போட்டு மூடினாள். “பக்கம் முழுசாத் திறக்கயில்லை” என்று வேலிக்குச் சொன்னாள்.

வியாழக்கிழமை ஸுஹைரின் கடையில் பக்கம் உடனே திறந்தது. மேலே ஒரு வரி. சல்லி வீதியில் மீன் வியாபாரி சுட்டுக் கொலை. பெயர் தம்பிராசா, வயது நாற்பத்தாறு.

“தம்பி, இது எங்கடை மீன்காரன்” என்றாள் பூரணி.

“இன்னாலில்லாஹி. நல்ல மனிசன் அக்கா” என்றான் ஸுஹைர்.

யார் சுட்டது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த நாட்களில் அதைக் கேட்கிறதில்லை. பூரணி பக்கத்தைக் கீழே இறக்கிப் பட்டியலுக்குப் போனாள். இன்றைக்கும் இந்த இடத்தைச் சொல்லும்போது அவளுடைய வலது கைச் சுட்டுவிரல் பக்கத்தை இறக்குவது போலத் தன் பாட்டில் அசையும்.

அடுத்த கிழமை மழை. கரண்ட் இல்லை, நெற் கடையும் இல்லை. சமைக்க ஒன்றும் இல்லாமல் தகரத்தைத் திறந்தாள். பையின் வாயைக் கட்டியிருந்தது நீலக் கட்டத் துணிக் கீலம். ஓரம் அடித்தது. அவள் அடித்த ஓரம்.

உள்ளே கருவாடு, கடலோர உப்பேரியான களப்பில் பிடிக்கிற இறால். கட்டைபறிச்சானுக்குப் போனால் அருளம்பலம் வெறுங்கையோடு வரமாட்டான், இதைத்தான் கொண்டுவருவான். சல்லிக்காரனின் பெட்டியில் கடல் மீன்தான் இருக்கும், களப்பு இறால் இருக்காது.

அந்தப் பக்கத்து வள்ளமும் இந்தப் பக்கத்து வள்ளமும் கடலில் சந்திக்கிறதும், ஒரு பொருள் கை மாறுகிறதும் வெளியில் தெரிந்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அந்த மனிசன் பாக்கியரத்தினத்துக்கு வாய் திறக்கவில்லை. அதனால்தான் மூன்று நாள் வந்தான்.

மழையோடு சல்லிக்குப் போனாள். செத்த வீட்டுப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. தம்பிராசாவின் பெண்சாதி புஸ்பராணி பையைப் பார்த்தாள்.

“கடல்லை ஆரையோ கண்டவர். ஒரு கதை சொல்லிவிட்டவையாம், உங்களிட்டைச் சொல்லச் சொல்லி.”

“என்ன கதை தங்கச்சி?”

“எனக்குச் சொல்லேல்லை. தெரியாமலிருந்தாத்தான் எனக்கு நல்லதெண்டவர்.”

அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறவன் கட்டி அனுப்பிய பையா, செத்தவனின் பையென்று யாரோ சேர்த்துவிட்ட பையா என்று சொல்லக்கூடிய ஒரே வாய், மூன்று நாள் அவளுடைய படலையில் நின்றுவிட்டுப் போய்விட்டது. அடுத்த வருசம் பாதை திறந்த பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கெல்லாம் போனாள். வாகரையில் கண்டதாக ஒருவர் சொன்னார். அது வேறு அருளம்பலம் என்றார் இன்னொருவர்.

இப்போது இரண்டு வருசம். சண்டை வடக்கே போய்விட்டது, இன்னும் முடியவில்லை. பூரணி நெற் கடைப் பக்கம் போவதில்லை. புதுப் பட்டியல் வந்தால் ஸுஹைரே பார்த்துவிட்டு வந்து, “இல்லை அக்கா” என்று சொல்லிவிட்டுப் போகிறான். மெசினைப் படலையடிக்கு இழுத்துப் போட்டிருக்கிறாள். ஒன்பது தொடக்கம் பன்னிரண்டு வரை அசையமாட்டாள், சாமி வந்து கூப்பிட்டாலும். இப்போது மீன் கொண்டுவருகிற கிண்ணியா ஊர் அஸீம் அந்த ஒழுங்கைக்குள் ஹோர்ன் அமத்துவதில்லை. முதல் நாள் அமத்தினான். ஊசி ஏறிய விரலோடு அவள் படலைக்கு ஓடி வந்ததைக் கண்டான். அது போதும் அவனுக்கு.

இறால் சமைக்கவில்லை. கீலத்தால் திரும்பக் கட்டி அதே தகரத்தில் இருக்கிறது. பழைய முறைப்பாடும் இல்லை. பாக்கியரத்தினம்தான் வேலிக்கு வந்து, “என்ன பிள்ளை, பக்கம் திறந்ததே?” என்று கேட்டு அவள் வாயைப் பிடுங்கப் பார்க்கிறாள். பூரணி சிரிப்பதுமில்லை, ஏசுவதுமில்லை.

ஓர்ஸ் ஹில் பக்கம் போகிறவர்கள் ஒருக்கால் அவளைப் போய்ப் பாருங்கள். தைக்க ஏதும் இருந்தால் கொண்டு போங்கள், இப்போது கை சரியாக வைக்கிறாள். பத்து மணிக்குப் போங்கள். ஒழுங்கை முகப்பிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்து போங்கள். கட்டைபறிச்சான் ஆட்களென்றால் அதை முதலில் சொல்லுங்கள். அருளம்பலத்தைத் தெரியாவிட்டால், தெரியாது என்று படலைக்கு வெளியில் நின்றே சொல்லிவிட்டு, பிறகு உள்ளே போய் இருங்கள்.