ஆம்பூர் ஓட்டத்தில் இரண்டு பெண்கள்

பொங்கல் முடிந்து வரும் ஞாயிறன்று வேலூர் கோட்டைக்கு எதிரே பழைய கார்கள் வந்து நிற்கும். ஷெட்டில் சும்மா கிடந்து எஞ்சின் இறுகிவிடக் கூடாதென்று நாலைந்து பேர் ஆம்பூர் வரை ஓட்டிப் போய், பிரியாணி சாப்பிட்டுத் திரும்பியதில் ஆரம்பித்த பழக்கம் அது. இப்போது ஊர்வலம் மாதிரி ஆகிவிட்டது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள், துவா ஓதுவார்கள். வயதில் மூத்த கார்தான் முதலில் போகும். அதை யாரும் முந்தக் கூடாது. வழியில் ஒன்று படுத்துவிட்டால் பின்னால் வருகிறவர் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

அந்தக் கூட்டத்தில் பல வருடங்களாக ஒரே பெண் எழிலரசிதான். மாதனூர்க்காரி, ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். அப்பா வாடகைக்கு ஓட்டிய லேண்ட்மாஸ்டர் காரை அண்ணன்கள் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தபோது சண்டை போட்டு வாங்கிக்கொண்டவள். அந்த வண்டி மாதனூரில் நுழைந்தால் கம்பெனிப் பெண்கள் ரோட்டுக்கு வந்து "எழிலக்கா!" என்று கத்துவார்கள். அந்தக் கூச்சலுக்காகவே அவள் வருடம் முழுக்கக் காத்திருப்பாள்.

போன வருடம் புஷ்ரா வந்து சேர்ந்தாள். வாணியம்பாடி தோல் வியாபாரி வீட்டுப் பெண். தாத்தாவின் 1936 மோரிஸ், கூரையைத் திறந்துவிட்ட சிவப்பு வண்டி. வந்ததிலேயே மூத்தது அதுதான். போட்டோ எடுப்பவர்கள் எல்லாம் அங்கேயே மொய்த்தார்கள். "லேடீஸ் ரெண்டு பேரும் ஒண்ணா போவட்டும்" என்று எழிலரசியை அதற்கு நேர் பின்னால் நிறுத்தினார்கள்.

"இன்னா இப்டி மொறைக்கிற?" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் ஜீவா.

"யாரு மொறைச்சா? வண்டிய பாக்கறேன்."

மோரிஸ் போயும் போயும் மாதனூரில்தான் நின்றது. ரேடியேட்டரிலிருந்து ஆவி பீறிட்டது. கம்பெனிப் பெண்கள் லேண்ட்மாஸ்டரைத் தாண்டி ஓடி, புஷ்ராவைச் சூழ்ந்துகொண்டார்கள். எழிலக்கா என்று ஒருத்திகூடக் கூப்பிடவில்லை. முந்திக்கொண்டு போய்விடலாமா என்று அவள் கால் துடித்தது. முதலில் போய்ச் சேர்ந்தால் ஆம்பூரில் மாலை அவளுக்குத்தான். ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிக் கயிறு கட்டினாள்.

ஆம்பூர் வரை இழுத்தாள். கண்ணாடியில் பார்த்தால், புஷ்ரா ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையை ஆட்டியபடி வருகிறாள். ஜனம் கைதட்டுகிறது. பாடுபடுவது இந்த எஞ்சின், பவுசு அந்த வண்டிக்கு! முன்னால் வந்து சேர்ந்தது லேண்ட்மாஸ்டர் என்றாலும், மூத்த வண்டி என்று மாலையும் மோரிஸுக்கே விழுந்தது.

பிரியாணித் தட்டோடு புஷ்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எழிலரசி கத்திரிக்காயை மட்டும் பார்த்துச் சாப்பிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு நான் ரொம்ப தேங்க்ஸ் சொல்லணும்."

"வண்டி நின்னா இழுக்கறதுதானே வழக்கம்."

"அதுக்கில்ல. நானே ஓட்டினு வந்திருந்தா பயத்துல ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்க கெட்டியா புடிச்சிருப்பேன். கைய எங்க ஆட்டறது?"

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சோறு புரைக்கேறிவிட்டது. புஷ்ரா அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

இந்த வருடம் இன்னும் மூன்று பெண்கள் கார் கொண்டுவந்தார்கள். எழிலரசியின் வயிற்றெரிச்சல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மூவரையும் சேர்ந்து குறை சொல்ல இப்போது பக்கத்தில் புஷ்ரா இருந்தாள்.