துபாய் மெக்கானிக்கின் தேரிப் பந்தயம்

துபாயில் பதினொரு வருஷம் நான் பார்த்த வேலை, சுற்றுலாக்காரர்கள் பாலைவனத்தில் ஓட்டிவிட்டுத் திருப்பித் தரும் நாலு சக்கர பைக்குகளைக் கழுவுவது. ஏடிவி என்பார்கள். டிராக்டருக்கும் பைக்குக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். கழுவுவதில் நான் கெட்டிக்காரன். நான் கழுவிய வண்டியில் ஒரு மணல் துகள் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மேலப்பாளையத்தில், என் மாமனார் வீட்டில், நான் அந்த வண்டிகளுக்கு மெக்கானிக்.

இந்தப் பொய்யை நான் ஒரே மூச்சில் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சின்போது "வண்டி சம்பந்தப்பட்ட வேலை" என்றேன். அது சத்தியமான வார்த்தை. கல்யாணம் முடிந்து முதல் விடுப்பில் வந்தபோது மாமனார் யாரிடமோ "மருமகன் மெக்கானிக்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த விடுப்பில் நானே என்னைத் தலைமை மெக்கானிக் ஆக்கிக்கொண்டேன். எந்தக் கம்பெனியிலும் இவ்வளவு சுலபமாகப் பதவி உயர்வு கிடைக்காது.

வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த பிறகும் அந்தப் பதவி என்னை விடவில்லை. என் மனைவியின் தம்பி, செல்போன் கடை வைத்திருக்கிறவன், ஒருநாள் குட்டியானை வண்டியில் ஒரு பழைய ஏடிவியை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான். எங்கள் பக்கத்தில் அவனும் என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். சிவப்பு வண்டி. கியர் கிடையாது. கைப்பிடியில் ஒரு சின்ன நெம்பு. பெருவிரலால் அதை அழுத்தினால் ஓடும்.

திருச்செந்தூர் போகிற வழியில், தேரி என்கிற செம்மணல் மேட்டில், ஒருவர் தன் பட்டா நிலத்து மணலைச் சமன் செய்து ஓடுபாதை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு வண்டிகள் அங்கே பந்தயம் விடும். மச்சான் இரண்டு வாரம் போய், இரண்டு வாரமும் கடைசியாக வந்திருக்கிறான்.

"வண்டி இழுக்க மாட்டேங்கு மச்சான். துபாய்ல தலைமை மெக்கானிக்கா இருந்தவுக வீட்டு வண்டி கடைசியா வந்தா ஊருக்குள்ள என்ன நெனப்பாவ?" என்றான்.

ஊர் என்ன நினைக்கும் என்பது பற்றி எனக்குக் கவலையில்லை. மாமனார் வீடு என்ன நினைக்கும் என்பதுதான் கவலை. முடியாது என்றால் குட்டு வெளிப்படும். இத்தனை வருஷம் சோறு போட்டு, விடுப்புக்கு விடுப்பு கோழி அறுத்து மரியாதை செய்த வீடு அது. பொய்க்காரன் என்று தெரிந்த பிறகு அந்த வீட்டுச் சாப்பாட்டில் எப்படிக் கை வைப்பது?

"பாத்துருவோம், இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

முதல் வெற்றி எனக்கு அதிர்ஷ்டத்தில் கிடைத்தது. நெம்புக்குப் பின்னால் ஒரு குட்டித் திருகாணி உண்டு. சின்னப் பிள்ளைகள் ஏறினால் வண்டி பறக்காமல் இருக்க அதை உள்ளே முறுக்கி வைப்பார்கள். துபாயில் அதை முறுக்குவதும் கழுவுகிறவன் வேலைதான். இந்த வண்டியில் யாரோ புண்ணியவான் அதைக் கடைசி வரை முறுக்கி வைத்திருந்தான். நான் ஏதோ பெரிய யோசனையில் இருப்பவன்போல வண்டியை மூன்று முறை சுற்றி வந்து, காதை வைத்துக் கேட்டு, திருகாணியைக் கழற்றிவிட்டேன். மச்சான் தெருவில் ஒரு ஓட்டு ஓட்டி வந்தான். வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. மாமனார் "மாஷா அல்லாஹ்" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேகம் என்பது உப்பு மாதிரி இல்லை, போதும் என்று யாரும் சொல்வதில்லை. இன்னும் வேண்டும் என்றான் மச்சான்.

நான் படிக்க ஆரம்பித்தேன். என் கல்லூரி, வீட்டுக் கழிப்பறை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, செல்போனில் சத்தத்தைக் குறைத்து வைத்து, வெள்ளைக்காரர்கள் ஏடிவியைப் பிரித்து மேய்வதைப் பார்த்தேன். நாளுக்கு நாலைந்து தடவை. மாமியார் கவலைப்பட்டு ஓமத்தண்ணி போட்டுக் கொடுத்தார். மறுக்க வழியில்லாமல் ஒரு வாரம் குடித்தேன்.

கியர் இல்லாத வண்டியில் கியரின் வேலையை ஒரு பெல்ட் பார்க்கிறது. அதன் முன் சக்கரத்துக்குள் சின்னச் சின்ன ரோலர்கள் உருள்கின்றன. கனம் குறைந்த ரோலரைப் போட்டால் வண்டி எடுத்த எடுப்பில் சீறும். ஸ்கூட்டரிலும் இதே கதைதான் என்று தெரிந்ததும் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் போனேன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்று சொல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தேன். ரோலரை மாற்றினேன். கிளட்ச் ஸ்பிரிங்கை மாற்றினேன். டயரில் காற்றைக் குறைத்தேன், மணலில் புதையாமல் இருக்க.

தெருவும் தன் பங்குக்கு வந்தது. டீக்கடைக்காரர் சைலன்சரை அறுக்கச் சொன்னார். அறுத்தோம். வேகம் கூடியதா தெரியாது, சத்தம் கூடியது. கேட்டவர்கள் எல்லாரும் வேகம் கூடியதாகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் தீ எரிகிற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டினால் பத்து கிலோமீட்டர் கூடும் என்பது ஸ்டிக்கர் கடைக்காரரின் ஆராய்ச்சி. அதையும் ஒட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை தேரியில் இறக்கினோம். போகிற வழியிலேயே வண்டி முழுக்கச் செம்புழுதி. போட்டோ எடுக்க வேண்டும், வண்டிக்கு ஒரு தண்ணி அடித்துவிடலாமா என்று மச்சான் கேட்டான். பக்கத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கை பரபரத்தது. கழுவும் முன் வண்டியின் இரண்டு குழாய்களை அடைக்க வேண்டும்: ஒன்று இன்ஜின் மூச்சு இழுக்கிற குழாய், இன்னொன்று பெல்ட் சூடாகாமல் இருக்க அதன் பெட்டிக்குள் காற்று போகிற குழாய். பையில் என் மனைவியின் பழைய துப்பட்டா ஒன்று துடைப்பதற்காக இருந்தது. இரண்டாகக் கிழித்து இரண்டிலும் திணித்தேன். பிறகு கழுவினேன் பாருங்கள். பந்தயத்துக்கு வந்த மற்ற வண்டிக்காரர்கள் கை கட்டி நின்று பார்த்தார்கள்.

பந்தய நேரத்தில் வண்டி கிளம்பவில்லை. எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. நான் பைய நடந்து போய், குனிந்து, இன்ஜின் குழாயிலிருந்த துணியை யார் கண்ணிலும் படாமல் உருவினேன். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. கைதட்டினார்கள். நிலத்துக்காரர், "அண்ணாச்சி கை பட்டதும் கிளம்பிட்டுல்லா" என்றார். அந்தக் கைதட்டலில் நெஞ்சு நிமிர்ந்தவன், இரண்டாவது குழாயை மறந்தே போனேன்.

மச்சான் இரண்டு சுற்று முன்னால் ஓடினான். உண்மையிலேயே முன்னால். நான் போட்ட ரோலர் வேலை செய்தது, எனக்கே கண் கலங்கியது. மூன்றாவது சுற்றில் ரப்பர் கருகும் வாடை வந்தது. பிறகு புகை. டப்பென்று ஒரு சத்தம். இன்ஜின் அலறியது, சக்கரம் நின்றுவிட்டது. மச்சான் காலை உதறிக்கொண்டு குதித்து இறங்கினான். கொதித்த பெல்ட் பெட்டி பட்டு அவன் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது.

மூடியைக் கழற்றினேன். பெல்ட் நார் நாராகக் கிடந்தது. குழாய் வாயில் பாதி கருகிய துப்பட்டா. அதை உருவிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நான் அவமானத்துக்குத் தயாராக நின்றேன். நடந்தது வேறு. நிலத்துக்காரர் பிய்ந்த பெல்ட்டைத் தூக்கிப் பிடித்து, "பெல்ட்டே தாங்கலன்னா என்னா இழுவை இழுத்திருக்கணும் வே" என்றார். கூட்டம் ஆமோதித்தது. இரண்டு பேர் தங்கள் வண்டியையும் என்னிடம் விட வேண்டும் என்று நம்பர் வாங்கினார்கள். திரும்பும் வழியெல்லாம் மச்சான் புண்பட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டே திட்டம் போட்டான்: கடைக்குப் பக்கத்திலேயே ஒரு ஒர்க்‌ஷாப், வாசலில் என் படத்தோடு பேனர். அடுத்த ஞாயிறுக்குள் புது பெல்ட். இப்படித் தோற்றுப் புகழ் அடைந்தவன் தாமிரபரணிக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை என் மனைவி துவைக்கிற இடத்திலிருந்து வந்தாள். கையில் அந்தக் கருகல் துணி.

"கழுவும்போது அடைக்குறதுதானே இது? எடுக்க மறந்துட்டீங்களா?"

கழுவுவது பற்றி நான் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை.

"நிக்காஹ்வுக்கு முந்தியே வாப்பா விசாரிச்சாவ. துபாய்ல ஒங்க லேபர் கேம்ப்லயே நம்ம ஊர் ஆளு இருந்தாருல்லா. குழாயில துணி அடைச்சு வண்டி கழுவுதாரு, ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டதில்லன்னு சொன்னாரு. அது போதும்னுதான் வாப்பா என்னைய ஒங்களுக்குக் குடுத்தாவ."

"அப்புறம் ஏன் எல்லாரும் மெக்கானிக்னு..."

"நீங்க ஆசைப்பட்டீங்க. வாப்பாவும் சொல்லிக்கிட்டாவ. யாருக்கும் அதுல நட்டமில்லன்னு விட்டுட்டோம்." துணியை என் மடியில் வைத்தாள். "தம்பிக்கு மட்டும் யாரும் சொல்லல. அவன்தான் ஒங்கள நம்பி அதுல ஏறி உக்காந்தான்."

சட்டையை மாட்டிக்கொண்டு மச்சான் கடைக்குப் போனேன். காலில் கட்டோடு உட்கார்ந்து, பேனருக்காக என் போட்டோவைக் கணினியில் வெட்டிக்கொண்டிருந்தான். துணியை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கழிப்பறை வரைக்கும் சொன்னேன்.

அவன் துணியைத் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான்.

"அப்ப ரோலரு?"

"வீடியோ பாத்துப் போட்டேன்."

"ரெண்டு சுத்து மொதல்ல வந்தேனே மச்சான்."

"ஆமா."

"சரி. அடுத்த ஞாயிறு நீங்க ஏறுங்க. நான் கழுவுதேன்."

சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. பதினொரு வருஷத்தில், கழுவி வரிசையில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியதைத் தவிர, துபாய் வண்டி எதிலும் ஒரு தடவைகூட நான் ஏறி ஓட்டியதில்லை. கழுவுகிறவர்கள் ஏறக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அதையும் அவனிடம் சொன்னேன்.